யாரும் கத்தவில்லை

அந்த மருத்துவமனையின் சர்வர் அறையில் பல வருஷமாகக் குப்பை கொட்டிக்கொண்டிருந்தவனை எல்லோரும் ‘பூட்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். எதையும் திறந்து வைப்பது அவனுக்குப் பிடிக்காது. ஏசி குளிரில் கம்பளிக் குல்லாவோடு உட்கார்ந்து, எது பழசு, எதை மூடலாம் என்று துழாவிக்கொண்டே இருப்பான்.

போனும் சர்வரும் பேசிக்கொள்ள ஒரு நடைமுறை உண்டு. அதன் பழைய பதிப்பில் ஓட்டை, திருடன் ஒட்டுக்கேட்கலாம். ஆனால் பழைய போன்களுக்கு அது ஒன்றுதான் தெரியும்; அதை நிறுத்தினால் அவற்றில் மருத்துவமனை வெப்சைட் திறக்காது. அதை நிறுத்தச் சொன்னார் மேலாளர். சரியான உத்தரவுதான், குறை சொல்வதற்கில்லை. இன்னும் யார் யார் பழைய பதிப்பில் வருகிறார்கள் என்று சர்வர் பதிவுகளில் பார்த்து, அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். பூட்டுக்கு அந்தப் பொறுமை ஏது? முதலில் நிறுத்திவிடுவான். யாராவது கத்தினால் திறப்பான். கத்தாவிட்டால் அது யாருக்கும் வேண்டாம் என்று அர்த்தம்.

“கத்தணும்னா எங்க போய் கத்துவாங்க?” என்று பக்கத்து மேசைப் பெண் கேட்டாள்.

“வெப்சைட்லதான் புகார் பக்கம் இருக்கே.”

அந்தப் பக்கமும் அதே சர்வரில்தான் இருந்தது. வாசலைச் சாத்திவிட்டு, புகார்ப் பெட்டியை வீட்டுக்குள் வைத்த கதை. அட மடையா! அவனுக்கு அது உறைக்கவே இல்லை.

நிறுத்திய மறுநாளே அவனுடைய அக்கா போன் செய்தாள். சிறுநீரகம் செயலிழந்தவள்; அங்கேதான் டயாலிசிஸ். வாராவாரம் வெப்சைட்டில் உறுதி செய்தால்தான் படுக்கை, இல்லையென்றால் காத்திருக்கும் அடுத்தவருக்குப் போய்விடும்.

“தம்பி, பக்கம் திறக்க மாட்டேங்குதுடா.”

“உன் போன் கிழடு தட்டிப்போச்சு. வேற வாங்கு.”

“இன்னிக்குள்ள பதிவு பண்ணணும்டா. நீயே பண்ணிக் குடுத்துடேன்.”

“எனக்கு வேற வேலை இல்லையா? ஆபீஸ் நேரத்துல உயிரை வாங்காத, வை.”

வைத்த கையோடு மறந்தும் போனான். கூடப்பிறந்தவள் கத்தியது அவன் கணக்கில் கத்தலாகவே சேரவில்லை. வாரக் கடைசிக் கூட்டத்தில், “ஒரு புகார்கூட இல்ல சார்,” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான். மேலாளர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அக்கா நேரிலும் போய்ப் பார்த்தாள். “உங்க இடத்தை வேற ஆளுக்குக் குடுத்தாச்சும்மா. காலியானா கூப்பிடறோம்,” என்று நர்ஸ் அனுப்பிவிட்டாள். காலும் முகமும் வீங்கி, மூச்சு வாங்க வாங்க வீடு வந்து படுத்தவள்தான், எழுந்திருக்கவில்லை. தம்பியை மறுபடி தொந்தரவு செய்ய அந்தப் பாவத்துக்கு மனசு வரவில்லை.

அவளைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். வெளியூரிலிருந்து ஓடி வந்த அக்கா மகள், அழுது சிவந்த கண்களோடு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மாமா, நீங்க அங்கதானே வேலை பாக்கறீங்க. அம்மா உங்ககிட்ட எதுவுமே சொல்லலையா?”

வந்திருந்தவர்கள் எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

“ஒரு வார்த்தை சொல்லலையேம்மா,” என்றான் பூட்டு. “சொல்லியிருந்தா விட்டிருப்பேனா?”

அவள் பாய்ந்துபோய் அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். “ஏம்மா மாமாகிட்ட சொல்லல? உனக்கு அப்படி என்னம்மா வீம்பு?”

பூட்டு பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தான்.

“விடும்மா,” என்றான். “அக்கா எப்பவுமே அப்படித்தான்.”