புகைக்குழாயில் போன மூன்று பங்கு

எழுபதுகளின் தொடக்கத்தில், ஐ.டி.ஐ. முடித்த கையோடு, பாலக்கோட்டுக்கும் மாரண்டஹள்ளிக்கும் நடுவில் இருந்த ஒரு ஜவ்வரிசி ஆலையில் ஜெனரேட்டர் ஓட்டச் சேர்ந்தேன். அங்கே மேஸ்திரியாக இருந்த என் அத்தை மகன்தான் வேலை வாங்கித் தந்தார். அவருக்கும் என் அக்காவுக்கும் பரிசம் போட்டாகியிருந்தது. நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

அந்தக் கோடையில் பகலில் பாதி நேரம் கரண்ட் இருக்காது. உரித்த மரவள்ளிக் கிழங்கைக் காக்க வைத்தால் கறுத்துவிடும். முதலாளி எங்கிருந்தோ பழைய டீசல் எஞ்சினையும் ஜெனரேட்டரையும் கொண்டுவந்து ஷெட்டில் இறக்கினார். கிழங்கு அரைக்கும் மோட்டாரை மட்டும் போட்டால் அது தாங்கும். அவர் தண்ணீர் மோட்டாரையும் சல்லடை மோட்டாரையும் சேர்த்துப் போடச் சொன்னார். போட்டதும் எஞ்சின் திணறிக் கரும்புகை கக்கும். பல்பு சிவந்து மங்கும். அரவை நின்றுபோகும்.

டீசல் தீர்கிறது, கரண்ட் வரவில்லை என்றால் நடுவில் எவனோ திருடுகிறான் என்று முதலாளி முடிவு கட்டிவிட்டார். ஒருநாள் காலை, அரவை ஓடிக்கொண்டிருந்தபோது, மாமாவையும் கூட்டிக்கொண்டு ஷெட்டுக்கு வந்து என்னை விசாரித்தார். கிழங்கு உரிக்கும் பெண்கள் வாசலுக்கு நேரே உட்கார்ந்திருந்தார்கள்.

படித்தது மனதில் பசுமையாக இருந்த காலம் அது. எஞ்சின் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி ஆசையாகவே விளக்கினேன். காற்றை இழுப்பது, அமுக்குவது, எரிந்து தள்ளுவது, புகையை வெளியேற்றுவது என்று பிஸ்டனுக்கு நான்கு ஓட்டம். எரிந்து தள்ளும் ஓட்டத்தில் மட்டும்தான் பலம் பிறக்கிறது, மற்ற மூன்றும் அந்தப் பலத்தில்தான் ஓடுகின்றன என்றேன். அந்தப் பலத்துக்கும் டீசலின் சூடு முழுவதும் வந்து சேர்வதில்லை. எஞ்சின் எவ்வளவு பலத்தோடு சுற்றுகிறதோ அதற்கு மேல் ஜெனரேட்டரால் துளி கரண்டும் தர முடியாது. நான்கு பங்கு சூட்டில் ஏறக்குறைய ஒரு பங்குதான் கரண்டாகக் கம்பிக்கு வருகிறது என்று முடித்தேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். புரிந்துகொண்டார் என்று எனக்குச் சந்தோஷம்.

"அப்ப மீதி மூணு பங்கு எங்க போவுது?"

"கொஞ்சம் எஞ்சின ஆத்துற தண்ணியில போவுதுங்க. நெறைய இந்தப் புகைக்குழாயிலதாங்க."

"தொட்டுக் காட்டு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மாமா பக்கம் திரும்பினார். "உன் மச்சானுக்குக் கூச்சமா இருக்குது. நீ புடிச்சுக் காட்டு."

மாமா என் முகத்தைப் பார்க்காமல் மணிக்கட்டைப் பிடித்தார். "மாமா, விடுங்க" என்றேன். கடைசி நொடியில் விட்டுவிடுவார் என்றே நம்பினேன். உள்ளங்கை குழாயில் பட்டது. அவர் கையை எடுத்தபோது என் தோல் குழாயிலேயே நின்றுவிட்டது.

முதலாளி குனிந்து குழாயைப் பார்த்தார். "சரி, சூடு இருக்குது. நம்பறேன்" என்றார்.

உரித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி எழுந்து ஓடி, என் கையில் ஊற்றத் தொட்டியிலிருந்து அரைத்த கிழங்குப் பாலை மொண்டு வந்தாள். அது ஜவ்வரிசிக்குப் போகிற பால், வெறும் தண்ணீர் போதும் என்று முதலாளி அவளைத் திருப்பி அனுப்பினார். மாமா சல்லடை மோட்டாரைப் பார்க்கப் போய்விட்டார்.

தருமபுரி ஆஸ்பத்திரியில் புண் ஆற வெகுநாளானது. ஆறியபோது மூன்று விரல்கள் மடங்கியபடியே நின்றன. அப்பா என்னை ஆலைக்குக் கூட்டிப் போனார். நியாயம் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பையன் வாய்த்துடுக்காகப் பேசிவிட்டான், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார். திரும்பும் பஸ்ஸில், "அக்காள நெனச்சுக்க. அவ போற வூட்டுக்குச் சோறு அந்த ஆலையிலதான்" என்றார்.

வேறொரு ஆளை வைத்து மூன்று மோட்டாரையும் ஓட்டினார்கள். ஜெனரேட்டரின் கம்பிச்சுருள் கருகியது. முதலாளி அதைவிடப் பெரியதாக ஒன்று வாங்கிப் போட்டார். மாமாவுக்குச் சம்பளத்தை உயர்த்தினார் என்று கேள்விப்பட்டேன்.

தை மாதத்தில் கல்யாணம் நடந்தது. எஞ்சின் ஓடும்போது நான் கால் வழுக்கிக் குழாயைப் பிடித்துவிட்டதாக அக்காவிடம் சொல்லியிருந்தார்கள். மறுவீட்டுக்கு வந்தவள் எனக்குச் சோறு பிசைந்து கொடுத்தாள். "படிச்சவந்தான, சூடுன்னு தெரியாதா ஒனக்கு? அவரு எவ்ளோ சங்கடப்பட்டாரு தெரியுமா" என்று கடிந்துகொண்டாள். பக்கத்து இலையில் மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ரசம் கேட்டார். அக்கா எழுந்து போனாள்.