ஒரு வயது குறைத்துச் சொன்ன கினுகோ

கினுகோவின் வேலை சுவருக்குப் பின்னால் நிற்பது.

தொகாகுஷி மலையடியில் ஒரு சின்ன நிஞ்சா பூங்கா. அதற்குள் ஒரு மாய வீடு. சுழலும் சுவர், தரையோடு திறக்கும் கள்ளக் கதவு, ஒழுங்காக நிற்கவே விடாத சாய்ந்த அறை என்று உள்ளே போனவர்களைப் படாத பாடு படுத்தும். வெளியே வரும் வழியை அவரவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். முடியாமல் திண்டாடுகிறவர்கள் முன்னால் கறுப்பு உடையும் முகமூடியுமாகத் தோன்றி வழி காட்டுவது கினுகோவின் பொறுப்பு. ஐம்பத்தேழு வயது, முழங்கால் வலி, கொஞ்சம் பருத்த உடம்பு. தரைக் கதவைத் தள்ளிக்கொண்டு அவள் ஏறி வருவதற்குள் பிள்ளைகள் பயந்து முடித்து, சிரித்தும் முடித்து, "நிஞ்சா ஆன்ட்டி, கை குடுக்கட்டுமா?" என்று கேட்டுவிடும். கினுகோ கொஞ்சம்கூட வெட்கப்படாமல் கையைக் கொடுப்பாள்.

"அக்கா, நிஞ்சான்னா சத்தமில்லாம வரணும்" என்பான் காசு வாங்கிக்கொண்டு எறிநட்சத்திரம் வீசவிடும் கடையில் நிற்கும் நகாசே. "உன் முழங்கால் மடக்குற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது."

"நீ வாயை மூடவே மாட்டியே. அதுக்கு நடுவுல என் முழங்கால் எங்கடா கேட்டுச்சு?"

இந்த ஊரில் கினுகோவுக்குப் பிடிக்காதது ஒன்றுமே இல்லை. வீட்டுக் கூரையை மறைக்கும் பனியைக்கூட அவள் திட்டிக் கேட்டவர் கிடையாது. அதற்குக் காரணம், அவள் இங்கே பிறந்தவள் அல்ல. பிறந்தவர்கள் தாராளமாகத் திட்டுவார்கள்.

அவள் ஊர் கடலோர நவோஎத்சு. அங்கே ஒரு மீன் பதனிடும் ஆலையில் வேலை பார்த்தாள். இருபத்தைந்து வயதில் கல்யாணம் நிச்சயமாகி, மண்டபம் பேசி, அழைப்பிதழும் போன பிறகு மாப்பிள்ளைக்கு மனசு மாறிவிட்டது. ஆலையில் எல்லோரும் அவளிடம் ரகசியக் குரலில், நோயாளியிடம் பேசுவதுபோலப் பேச ஆரம்பித்தார்கள். அந்தப் பரிவு தாங்காமல் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, இலைகள் சிவக்கும் பருவத்தில் தனியாக இந்த மலைக்கு வந்தாள். மலைமேல் அடுத்தடுத்து இருக்கும் கோயில்களில் நடுக்கோயிலில் குறி கேட்டாள். இந்தக் கோயிலில் சீட்டை நாம் எடுப்பதில்லை. வயதைச் சொன்னால் பூசாரி உள்ளே போய், நமக்காக வேண்டிக்கொண்டு எடுத்து வருவார். அன்றைக்கு வந்த சீட்டில், "இருக்கும் இடத்தை விட்டு நகராதே. உனக்கானது உன்னைத் தேடி வரும்" என்று இருந்தது.

கினுகோ அதை நம்பவில்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் பொழுதைப் போக்க மாய வீட்டுக்குள் நுழைந்தாள். வழி தெரியவில்லை. பஸ் போய்விட்டது. அப்புறம் முகமூடி போட்ட ஒருவன் வந்து வெளியே கூட்டிப் போனான். பின்னாளில் அவனையே கட்டிக்கொண்டாள். பெயர் கிசாகு.

"சாமி சீட்டுல சொல்லுச்சு, நான் கேக்கலை. அதான் வீட்டுக்குள்ள பிடிச்சுப் போட்டுருச்சு!" இந்தக் கதையை அவள் சொல்லாத ஆள் ஊரில் இல்லை. பக்தர்கள் தங்கும் விடுதியில் அன்றிரவு ஒதுங்கியது, விடுதிக்காரம்மா மறுநாள் காலையில் "பாத்திரம் கழுவ ஆள் இல்ல, ரெண்டு நாள் இருக்கியாம்மா?" என்று கேட்டது, ரெண்டு நாள் முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது எல்லாம் அதில் வரும். கேட்பவர்களைவிடச் சொல்கிறவள்தான் அதிகம் சிரிப்பாள்.

சிரித்ததோடு விடவில்லை. ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி, கரடிக்குக் கேட்கட்டும் என்று இடுப்பில் மணியைக் கட்டிக்கொண்டு, பெரிய பெரிய தேவதாரு மரங்களுக்கு நடுவே நடந்து உள்கோயிலுக்குப் போவாள். ஒன்றும் கேட்க மாட்டாள். நன்றி சொல்லிவிட்டு வருவாள். பனி மூடி வழி அடைபட்ட மாதங்களில் நடுக்கோயிலோடு நிறுத்திக்கொள்வாள். மகள் மாஹோ பிறந்த மாதம்கூட, மாமியார் திட்டத் திட்டப் போய் வந்தாள்.

அந்த மாஹோதான் இந்த அக்டோபரில் குண்டைத் தூக்கிப் போட்டாள்.

நாகனோ நகரத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள் மாஹோ. நாட்டின் மறுகோடியில் இருக்கும் புகுஓகாவுக்கு மாற்றல் வந்திருந்தது, போகலாமா வேண்டாமா என்ற குழப்பம். ஊருக்கு வந்தவள் நேரே கோயிலுக்குப் போய்க் குறி கேட்டுவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்கு வந்தாள். புது பக்வீட் மாவில் செய்த சோபா நூடுல்ஸ் மூங்கில் தட்டில் சின்னச் சின்னக் கட்டாக இருந்தது. அப்பா ஏற்கனவே தன் தட்டைக் காலி செய்துவிட்டு மகள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, மானம் போச்சு இன்னிக்கு. வயசு என்னன்னு கேட்டாரு. நான் பாட்டுக்கு இருபத்தஞ்சுன்னேன். 'எந்த வருஷம் பொறந்தே?'ன்னு திருப்பிக் கேட்டு, 'அப்ப இருபத்தாறும்மா'ன்னு சிரிக்கிறாரு. இந்த ஊர்ல பொறந்துட்டு எனக்கே மறந்து போச்சு பாரு!"

கோயில் கணக்கு அப்படி. பிறந்த அன்றைக்கே ஒரு வயது. பிறகு புத்தாண்டுக்குப் புத்தாண்டு ஒன்று கூடும். குறி கேட்கிறவர்கள் அந்தக் கணக்கில்தான் வயது சொல்ல வேண்டும்.

"தப்பாச் சொன்னா வேற வயசுக்காரியோட சீட்டு நமக்கு வந்துரும். நல்ல வேளை!" என்று சொல்லி மாஹோ நூடுல்ஸை உறிஞ்சினாள்.

கினுகோவின் குச்சிகள் அந்தரத்தில் நின்றன. இருபத்தைந்து. அவளும் அன்றைக்கு அதைத்தான் சொன்னாள். அழுது வீங்கின கண்ணோடு, வயதுக் கணக்கு எழுதிய அறிவிப்புப் பலகையைப் படிக்காமல், நாலு பேர் முன்னால் சீக்கிரம் சொல்லிவிட்டு ஒதுங்கினால் போதும் என்று சொன்னாள். யாரும் எதிர்க் கேள்வி கேட்கவில்லை. கோயில் கணக்கு அவளுக்கும் இத்தனை வருஷமாகத் தெரியும். தன் சீட்டோடு அதைச் சேர்த்து ஒரு நாளும் யோசித்ததில்லை.

அப்படியானால் அந்தச் சீட்டு அவளுடையது இல்லை. அவளைவிட ஒரு வயது சின்னவளான எவளுக்கோ வர வேண்டியது. இந்த வீடு, இந்தப் பெண், அடுத்தவள் தட்டை எட்டிப் பார்க்கும் இந்த மனிதர் எல்லாமே அவளுடையதோ? மாதம் தவறாமல் போய் நன்றி சொன்னோமே, யாருடைய வாழ்க்கைக்கு யார் நன்றி சொன்னது?

மாஹோ நாகனோவுக்குத் திரும்பிப் போன பிறகும் இது விடவில்லை. மாய வீட்டில் ஒரு குடும்பம் வெளியே வர முடியாமல் கத்திக்கொண்டிருக்க, கினுகோ சுவருக்குப் பின்னால் மரமாக நின்றாள். நகாசேதான் ஓடி வந்து கதவைத் திறந்துவிட்டான்.

"என்னக்கா, உள்ளேயே தூங்கிட்டியா?"

சொன்னாள். நகாசே தலையைச் சொறிந்தான். "அந்தப் பொண்ணு நேர்ல வந்து 'என்னுதைக் குடு'ன்னு நின்னா என்ன பண்ணுவே? கிசாகு அண்ணனைக் குடுத்துருவியா?"

"முழங்கால் வலியையும் சேத்துத் தருவேன்" என்றாள் கினுகோ. சிரிப்பதற்குப் பதில் அழுகை வந்துவிட்டது. நகாசே பதறிப் போய்த் தன் டீயை அவளிடம் நீட்டினான். அவன் வாயடைத்து நின்றதைப் பூங்காவில் அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

அக்டோபர் கடைசி நாள் வந்தது. கிசாகு வாசலில் உட்கார்ந்து ரம்பத்தைத் தீட்டிக்கொண்டிருந்தார். மாய வீட்டு வேலையை எப்போதோ மனைவியிடம் விட்டுவிட்டு, கோடையில் மலைப்பாதைகளில் விழுந்த மரங்களை அறுப்பதும் குளிர்காலத்தில் பனி வாரும் வண்டி ஓட்டுவதுமாக இருக்கிறார். சரியான கல்லுளிமங்கன். கத்தி முனைபோன்ற மேட்டில் தவழ்ந்து போகும் மலையேறிகளிடம், "பயமா இருந்தா திரும்பிடு" என்று சொல்வார். ஒரு நாளில் அவர் பேசுவது பெரும்பாலும் அவ்வளவுதான்.

"நாளைக்கு ஒண்ணாந்தேதி" என்றார். "மணியைத் தேடலையா?"

"நான் போகலை."

ரம்பம் நின்றது. "முழங்காலா?"

"முழங்கால் இல்ல. எந்த மூஞ்சியோட போறது?" என்று தொடங்கி எல்லாவற்றையும் கொட்டினாள். வயது, சீட்டு, எங்கேயோ இருக்கும் அந்த ஒரு வயது சின்னவள். "அது என் சீட்டே இல்லங்க. நான் அடுத்தவ வாழ்க்கையில வந்து உக்காந்துட்டேன்."

கிசாகு ரம்பத்தைத் துணியில் சுற்றினார். சுற்றி முடித்து, அவிழ்த்து, மறுபடியும் சுற்றினார்.

"நீ அன்னிக்கு வழி தெரியாம மாட்டிக்கலை" என்றார்.

"என்னது?"

"நான் சுவருக்குப் பின்னாடிதானே நின்னேன். எல்லாம் பாத்தேன். வெளிக்கதவை நீயே கண்டுபிடிச்சுட்டே, அதுவும் சீக்கிரமா. திறந்தே. எதிர்லயே பஸ் நின்னுச்சு. பாத்தே. அப்புறம் சாத்திட்டு உள்ள போய், சாஞ்ச ரூம்ல உக்காந்துட்டே."

கினுகோ அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"டிரைவர் ஹார்ன் அடிச்சப்ப மறுபடி எழுந்து வந்தே. தாழ்ப்பாள்ல கை வெச்சே. எடுத்துட்டே. பஸ் போற சத்தம் அடங்குற வரைக்கும் அங்கயே நின்னுட்டு, அப்புறம் சிரிச்சே. தனியா, சத்தமா. எனக்குப் பயமாப் போச்சு."

தாழ்ப்பாள் என்றதும் அதன் சில்லிப்பு கையில் வந்துவிட்டது. டீசல் நாற்றம், ஜன்னலோரம் ஒரு கிழவர் கொட்டாவி விட்டது, கதவு இடுக்கில் தெரிந்த சிவப்பு இலைகள், எல்லாம் வந்தன. சாமி பிடித்துப் போட்ட கதையைச் சொல்லிச் சொல்லி, நடந்ததை அதற்கு அடியில் எங்கேயோ போட்டுவிட்டாள்.

"இத்தனை வருஷமா ஏன் மூச்சு விடலை?"

"நீதான் ஊரெல்லாம் சாமி நிறுத்துச்சு, சாமி நிறுத்துச்சுன்னு சொல்லிட்டு இருந்தே. சாமிக்குக் கிடைச்ச நல்ல பேரை நான் எதுக்குக் கெடுக்கணும்?"

"வந்து வழி காட்டியிருக்கலாம் இல்ல? அதுக்குத்தானே சம்பளம்?"

"மாட்டிக்கிட்டவங்களுக்குத்தான் வழி காட்டணும்" என்றார் கிசாகு. "நீ மாட்டிக்கலையே."

அன்றைக்கு அதற்கு மேல் அவர் பேசவில்லை. ஒரு மாதத்துக்குப் போதுமான பேச்சைப் பேசிவிட்ட களைப்பில், பார்லி டீ குடித்துவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் காலையில் கினுகோ மணியைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். மலை உச்சியில் முதல் பனி விழுந்திருந்தது. தேவதாரு வரிசைக்குள் குளிர் அப்படியே நின்றது. கல்படிகளில் முழங்கால் கடமுடவென்று முறையிட்டது. நகாசே பக்கத்தில் இல்லையே என்றிருந்தது. உள்கோயில் முற்றத்தில் மலையேறும் இளைஞர்கள் இரண்டு பேர் ஷூ கயிறுகளை இறுக்கிக்கொண்டிருந்தார்கள். கினுகோ முன்னால் போய் இரண்டு முறை குனிந்தாள், இரண்டு முறை கை தட்டினாள். வழக்கமாக ஒரே சொல்லோடு முடித்துவிடுவாள். இன்றைக்குப் பேச வேண்டியது இருந்தது.

"சாமி, எனக்கு ஐம்பத்தெட்டு நடக்குது. கோயில் கணக்குல. அன்னிக்கு ஒரு வயசு குறைச்சுச் சொல்லிட்டேன், மன்னிச்சிரு. அந்தச் சீட்டுக்காரி எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும். அவளுக்கும் யாராவது ஒரு கதவுக்குப் பின்னாடி பேசாம நின்னிருக்கட்டும்."

மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பின்னால் இளைஞர்கள் காத்திருப்பது தெரிந்தது. இருக்கட்டும் என்று ஒரு முறை நன்றாகக் குனிந்தாள்.

"நானாத்தான் இருந்தேன், சாமி. இருக்க விட்டதுக்கு நன்றி."