நான்கு சண்டைகளுக்கு ஓர் உறக்கம்

இரத்தப் புற்றுநோயில் என் மகன் இறந்து இரண்டு மாதங்கள் சென்ற பின், ஒரு ஞாயிறு மதியம், அவனுடைய நண்பர்கள் இருவர் மலேசியாவில் கோல சிலாங்கூரிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவன் தோட்டத்திலிருந்து எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவன். மற்றவள் தாதி, மகன் கடைசியாகப் படுத்திருந்த வார்டு அவளுடையது.

ஆறு ஆண்டுகள் ஞாயிறுதோறும் மூவரும் எங்கள் சாப்பாட்டு மேசையில் ஒரு கதையை விளையாடினார்கள். நடத்துபவன் மகன். லோரிக்காரன் வாள்வீரன், தாதி மந்திரக்காரி. அடி விழுமா, எவ்வளவு விழும் என்பதைப் பகடை சொல்லும். எதிரிகளின் கணக்கை மட்டும் மகன் ஓர் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் வைத்திருப்பான்.

கதை ஒரு சண்டையின் வாசலில் நின்றுபோயிருந்தது. அதை நான் முடித்துக்கொடுக்க வேண்டும் என்றார்கள்.

"வேற யாரு அங்கிள் இருக்கா? ரூல்ஸ் போட்டதே நீங்கதானே" என்றாள் தாதி.

அது உண்மை. மூன்று ஆண்டுகளுக்கு முன் லோரிக்காரன் அதே மேசையில் சலித்துக்கொண்டது அடுத்த அறையிலிருந்த என் காதில் விழுந்தது.

"நான் எதுக்குலா வாளோட நிக்கிறேன்? இவ ஒரு நெருப்பு விட்டா எட்டு பேரு காலி. நான் பின்னாடி கூட்டிப் பெருக்கவா?"

"பெருக்கு. அதுக்காச்சும் ஆகட்டும்" என்றாள் அவள்.

அன்று மாலை மகன் அந்தச் சிக்கலை என்னிடம் கொண்டுவந்தான். நான் முப்பது ஆண்டுகள் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் கற்பித்தவன். பள்ளிக்கூடம் முடித்த பின் அவன் என்னிடம் கேட்ட முதல் கணக்கு அதுவாக இருக்கலாம். குறை நெருப்பின் வலிமையில் இல்லை என்று கண்டேன். மந்திரக்காரிக்கு நாளொன்றுக்கு ஆறு மந்திரங்கள். உறங்கி எழுந்தால் ஆறும் திரும்பிவிடும். எனவே ஆறையும் ஒரே சண்டையில் கொட்டிவிட்டுப் படுத்துக்கொண்டார்கள். வாளோ தீராது. நான்கு சண்டைகள் முடியாமல் உறக்கம் இல்லை என்று விதி எழுதினேன். நான்கையும் கூட்டிப் பார்த்தால் சராசரியில் இருவரும் சமம். வாரந்தோறும் விசாரித்தேன். "சரியா வருதுப்பா, ரெண்டு பேரும் சமமா இருக்காங்க" என்பான்.

இப்போது அவன் நாற்காலியில் நான் அமர்ந்தேன். அது நான்காவது சண்டை. மந்திரங்கள் இரண்டு மிஞ்சியிருந்தன. எதிரே நின்ற அரக்கனின் உயிர் நூற்றெண்பது புள்ளிகள் என்று மகனின் கையெழுத்தில் இருந்தது. ஒரு புள்ளியும் பிசகாமல் நடத்தினேன். பகடை அவர்களுக்கு எதிராகவே விழுந்தது. வாள்வீரன் வீழ்ந்தான். மந்திரங்கள் தீர்ந்தன.

"அங்கிள், எங்கயாச்சும் ஒளிஞ்சி கொஞ்சம் படுத்துக்கட்டுமா?"

"நாலாவது சண்டை இன்னும் முடியலையேம்மா."

அரக்கனின் அடுத்த வீச்சில் அவளுடைய மந்திரக்காரி இறந்தாள். மந்திரக்காரியின் கணக்கை எழுதிவந்த தாளைத் தாதி நான்காக மடித்தாள்.

"அவன் இருந்தா கொறச்சிருப்பான்" என்றான் லோரிக்காரன்.

"எதை?"

"அரக்கனோட உயிரதான். நாங்க சாகப் போறப்பலாம் அது பட்டுனு விழுந்துரும் அங்கிள். எங்களுக்குத் தெரியும். கேக்க மாட்டோம்."

"நான் எழுதின விதி?"

தாதிதான் பதில் சொன்னாள். "அத அப்படியே வச்சி ஆடியிருந்தா நாங்க எப்பவோ செத்திருப்போம். அப்பாகிட்ட சொல்லாதீங்கன்னான். நீங்க ஆசையா எழுதிக் குடுத்தீங்களாம்."

சராசரி என்பது ஆயிரம் சண்டைகளைப் பற்றிய உண்மை. அவர்கள் ஆடியதோ ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு சண்டை. முதலாண்டு மாணவனிடம் நான் பொறுத்துக்கொள்ளாத பிழை.

ஆனால் அப்போது என் மனத்தில் வேறு எண்கள் இருந்தன. சிகிச்சையின் கடைசி மாதங்களில், ஒவ்வொரு பரிசோதனைக்குப் பின்னும் மகன் இரத்த அணுக்களின் எண்ணிக்கையைத் தொலைபேசியில் எனக்கு வாசிப்பான். அறிக்கையைக் காட்டியதில்லை. நான் வரைபடத் தாளில் குறித்துவந்தேன். கோடு மெல்ல ஏறிக்கொண்டிருந்தது, அவன் தேறிவருகிறான் என்று பொருள்.

"அவனோட ரத்தக் கணக்கும் இப்படித்தானாம்மா?" என்று கேட்டேன்.

அவள் பகடைகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டாள்.

கோடு ஏறிக்கொண்டிருந்ததால் அவனிடம் சொல்ல வேண்டியவற்றை நான் ஒத்திவைத்தேன். விடைகொடுக்கவும் இல்லை, தேவை இருப்பதாகத் தெரியவில்லை. நான் கலங்கக் கூடாதென்று அவன் எண்களை மாற்றினான். அந்த எண்களை நம்பி, அவனைத் தனியே விட்டேன்.

"கடைசி ரவுண்ட மறுபடி ஆடலாம் அங்கிள்" என்றான் லோரிக்காரன். "போட்ட பகடைய யாரு பாத்தா?"

"நான் பார்த்தேன்" என்றேன்.

அடுத்த ஞாயிறு வரட்டுமா என்று இருவரும் கேட்கவில்லை. வாருங்கள் என்று நானும் சொல்லவில்லை.