மருந்து தின்ற ஆடுகள்

நீல மை ஊறிய ஒரு ரப்பர் முத்திரை. ஜப்பான்காரன் எங்கள் தீவைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் ஜார்ஜ் டவுன் சுகாதார அலுவலகத்தில் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். எங்கள் இன்ஸ்பெக்டர் அந்த முத்திரையைத் துணிப்பையில் போட்டுக் கட்டி வைத்திருப்பார். தின்னத் தகும் என்று இறைச்சியில் குத்தும் முன், ஏதோ கோயில் காரியம் போலக் கண்ணை மூடித் திறப்பார். ஊரெல்லாம் குடிக்கக் கஞ்சி இல்லாமல் கிடந்தது. அவர் சட்டைக் காலருக்கு மட்டும் கஞ்சி கிடைத்தது.

ஆயர் ஈத்தாம் மலையடிவாரத்தில் மரவள்ளி நடுவதற்காக ஒரு மேட்டைச் சுத்தம் செய்ய உத்தரவு வந்தது. ஏதோ தோட்டத்து ஸ்டோரில் மிஞ்சியிருந்த லாலான் மருந்தை, புல்லைக் கருக்கும் விஷத்தை, அங்கே தெளித்தார்கள். அந்த மேட்டில் ஆடு மேய்த்த ஓர் அக்காவிடம் ஒருவரும் சொல்லவில்லை. மறுநாள் இரண்டு ஆடுகள் செத்தன; நான்கு தள்ளாடின. அவர் நடந்தே எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்.

"ஐயா, மருந்துப் புல்லத் தின்னுருச்சுங்க. மிச்சத்தையும் அடிச்சுப் பொதைச்சிடவா?"

"உனக்கென்ன விசரே? மருந்து போனது குடலுக்கை. குடலை எறிஞ்சால் சரி. இறைச்சிக்குள்ள எப்பிடி வரும்?" என்றார் யாழ்ப்பாணத்து இன்ஸ்பெக்டர்.

"பால் குடிச்ச குட்டியும் சுருண்டு போச்சுங்க. அது இன்னும் புல்லே திங்கலையே ஐயா."

பதில் இல்லாதபோது அவர் உத்தரவு போடுவார். நான்கு ஆடுகளையும் பிடித்து அறுத்தார்கள், முத்திரை விழுந்தது, கறி விற்பனைக்குப் பாசாருக்குப் போனது. அன்று மதியம் ஜப்பான் அதிகாரியின் சமையல்காரன் கறி கேட்டு வந்தான். "துரைக்கு இது வேண்டாம். அக்கரையில இருந்து வேற ஆடு வரும்" என்று இன்ஸ்பெக்டர் அவசரமாக அவனைத் திருப்பி அனுப்பினார். அதுவரை அவரை மடையர் என்றுதான் நினைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் ஏழெட்டு வீடுகளில் வாந்தியும் பேதியும். பிள்ளை பெற்ற உடம்பு தேற அந்த ஆட்டு ஈரல் தின்ற ஒரு பெண் இறந்துபோனாள். இன்ஸ்பெக்டர் அறிக்கை சொல்ல, நான் தட்டினேன். காரணம்: நச்சு மரவள்ளிக் கிழங்கு. என் கை நின்றது.

"என்ன பாக்கிறீர்? அடியும்."

அடித்தேன். அந்த வேலையால்தான் என் வீட்டில் அரிசி இருந்தது. பாசாரில் கிழங்கு அவித்து விற்ற கிழவரை ஜப்பான்காரர்கள் பிடித்துப் போனார்கள். திரும்பி வந்தபோது அவரால் நிமிர முடியவில்லை.

ஆட்டுக்கார அக்கா ஒருநாள் சாலையில் என்னை மறித்தார். "தம்பி, நான் சொன்னப்ப நீங்க அங்கதானே உக்காந்திருந்தீங்க?"

"வேலை இருக்குலா, அக்கா" என்று நடந்துவிட்டேன்.

வெள்ளைக்காரன் திரும்பி வந்த பிறகும் அந்த இன்ஸ்பெக்டர் நாற்காலி அவருடையதாகவே இருந்தது. நான் வேறு வேலைக்குப் போனபோது நற்சான்று எழுதிக் கொடுத்தார்: 'சொன்னதை அப்படியே செய்வார்.' எனக்குத் தெரிந்து, அந்த மனிதர் கையெழுத்திட்ட தாள்களில் உண்மை சொன்னது அது ஒன்றுதான்.