செத்தவீட்டுப் பந்தலின் விலை

லிங்கநகரில் கனகரத்தினத்தைத் தெரியாத வீடு இல்லை. கலியாணமோ, பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியவீடோ, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியோ, நாலு சனம் கூடுகிற இடத்தில் தலைக்கு மேலே நிற்பது அவருடைய பந்தல்தான். இரும்புக் குழாய், துணி, ஆக்கள் இருக்கக் கதிரை எல்லாம் வாடகைக்குக் கொடுத்து இருபத்தாறு வருடம் ஓட்டினார். வாடகையில் அவர் ஒரு ரூபாய் குறைத்ததாக யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். பெண்சாதியைப் பழித்தால்கூடப் பேசாமல் இருப்பார். பந்தலைப் பழித்தால் மட்டும் மனுசனுக்குப் பொறுக்காது.

போன வருடம் நெஞ்சு பிடித்தது. இரத்தக் குழாயில் அடைப்பு. பெரியாஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம்; ஆனால் உள்ளே வைக்கிற ஸ்டென்ட் இல்லை, வெளியே வாங்கி வாருங்கள் என்று துண்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நல்ல இலவசம்! சாமானை நீ வாங்கு, நாங்கள் சும்மா பூட்டித் தருகிறோம் என்கிற கதை. அந்தச் சாமானின் விலை இரண்டு மாதத்தில் இரண்டு தடவை ஏறியது. மருந்துக்கும் ஸ்கேனுக்குமாகக் கலியாணப் பந்தல்கள் ஒவ்வொன்றாகப் போயின. எல்லாவற்றையும் அடிமாட்டு விலைக்கு வாங்கியவன் தனஞ்சயன். கனகரத்தினத்திடமே குழாய் தூக்கிப் பழகி, இப்போது சொந்தமாகத் தொழில் நடத்துகிறவன். மிஞ்சியது செத்தவீட்டுக்குப் போடுகிற வெள்ளைப் பந்தல் ஒன்றுதான்.

அதைப் பூட்ட ஆஸ்பத்திரி கொடுத்த தவணை நாள் புதன்கிழமை. ஸ்டென்டுக்கு இன்னும் எழுபத்தையாயிரம் ரூபாய் குறை. அந்த நாளைத் தவறவிட்டால் அடுத்த தவணை பத்து மாதம் கழித்து. அதுவரை நெஞ்சு தாங்காது என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை தகரக் கூரை வீட்டு வெக்கையில் அவருக்கு மூச்சு முட்டியது. மனைவி கௌசிகா பார்த்தாள். பொழுது சாய, தானே குழாய்களைப் பொருத்தி, முற்றத்தில் அந்த வெள்ளைப் பந்தலைப் போட்டு, கீழே கட்டிலை இழுத்துவிட்டு அவரைக் காற்றாடப் படுக்கவைத்தாள். நுளம்புக் கடிக்குப் பயந்து அவர் தலையோடு போர்த்துக்கொண்டு படுத்தார்.

வாசலில் வெள்ளைப் பந்தல் நின்றால் நம் சனம் ஏன், எதற்கு என்று கேட்குமா? திங்கள் விடிய முன்னமே தேங்காயும் சீனியும் தேத்தண்ணிப் போத்தலுமாக ஒழுங்கை வீட்டுச் சனம் முழுக்கத் திரண்டு வந்துவிட்டது. எல்லாருக்கும் முன்னால் மரண உதவிச் சங்கத்துப் பொருளாளர் இராசதுரை. பிரேதப் பெட்டி எடுக்க முதல் சங்கக் காசு வீட்டுக்குப் போய்ச் சேரவேண்டும் என்பது அவர்கள் வழக்கம்.

கிணற்றடியில் நின்ற கௌசிகா ஒப்பாரிச் சத்தம் கேட்டு ஓடிவந்தாள். சனத்தைப் பார்த்தாள். இராசதுரையின் கையில் இருந்த கடித உறையைப் பார்த்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள். கட்டிலருகே விழுந்து, "என்ரை ராசா, என்னை விட்டிட்டுப் போட்டீங்களே!" என்று கதறினாள். அழுகை பொய்யில்லை, ஒரு வருடமாக அடக்கிவைத்தது.

அந்தச் சத்தத்தில் கனகரத்தினம் முழித்தார். முப்பது வருடத்தில் அவள் அவரை ராசா என்று கூப்பிட்டதே இல்லை. போர்வையை விலக்கப் போனார். அவள் கை தோளை அழுத்தியது.

"தங்கச்சி, எழுபத்தையாயிரம் இருக்கு. எண்ணிப்போட்டுக் கையெழுத்து வையுங்கோ," என்றார் இராசதுரை.

கனகரத்தினத்துக்கு எல்லாம் விளங்கியது. இருமல் தொண்டைவரை வந்தது, விழுங்கினார். உயிர் பிழைக்கவேண்டுமென்றால் இந்தக் கொஞ்ச நேரம் செத்துக் கிடக்கவேண்டும். அவ்வளவுதான்.

"பாவம் மனுசன்," என்றாள் ஒருத்தி. "ஆனா ஒரு கதிரை உடைஞ்சா ரெண்டுக்குக் காசு வாங்குவார்."

"ஓம், செத்தவீட்டிலயும் கறந்தவர்தானே."

அதையும் பொறுத்தார். கௌசிகா கையெழுத்து வைத்தாள். உறை கைமாறியது. அப்போதுதான் தனஞ்சயன் வந்து பந்தல் குழாயைத் தட்டிப் பார்த்தான்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. முப்பத்தோராம் நாள் காரியம் முடிய இந்தப் பந்தலை நானே எடுக்கிறன். எல்லாம் துருப்பிடிச்சுக் கறள். அஞ்சாயிரம் தாறன்."

"அஞ்சாயிரமோ? எடேய், குழாய் மட்டும் நாப்பதாயிரம் போகுமடா! எங்கையடா கறள்? காட்டு பாப்பம்!"

போர்வை கீழே கிடந்தது. கனகரத்தினம் எழும்பி உட்கார்ந்திருந்தார். இரண்டு பெண்கள் கத்திக்கொண்டு வாசல் படலையைத் தாண்டி ஓடினார்கள். இராசதுரை ஓடவில்லை. கௌசிகாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து உறையை எடுத்தார்.

"இராசதுரை, அது நான் செத்தாத் தாற காசுதானே?" கனகரத்தினம் கட்டிலில் இருந்தபடியே கும்பிட்டார். "இப்ப தா. பிறகு எனக்கு ஒரு சதமும் வேண்டாம். எழுதித் தாறன்."

"சங்கம் செத்த ஆக்களுக்கு அண்ணை. ஏமாத்திற ஆக்களுக்கில்லை. இண்டைக்கே உங்கடை பேரை வெட்டுறன்."

சனம் தேங்காயைப் பொறுக்கிக்கொண்டது. சீனிப் பையை வைத்தவள் திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனாள். செத்தவருக்கென்று கொண்டுவந்த காசு எல்லார் மடியிலும் இருந்தது. எவ்வளவு குறையுது என்று ஒரு குரங்கும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நெஞ்சுக்குப் போடுகிற குளிசை முடிந்தது. கௌசிகா தனஞ்சயனைக் கூப்பிட்டாள். அவன் நாலாயிரம்தான் என்றான். "உயிரோட இருந்த ஆளுக்குப் போட்ட பந்தல் அக்கா. இனி இதை எந்தச் செத்தவீட்டில எடுப்பினம்? ராசியில்லாத சாமான்." கனகரத்தினம் போர்வையைத் தலையோடு இழுத்துப் போர்த்துக்கொண்டார். கௌசிகா அந்த நாலாயிரத்தை வாங்கிக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனாள்.

புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் பஸ் போகிற நேரமும் போனது. கௌசிகா குளிசையும் தண்ணீரும் கொண்டுவந்து நீட்டினாள். அவர் விழுங்கும்வரை நின்றாள்.

"இன்னும் அஞ்சு நிமிசம்," என்றாள். "அஞ்சு நிமிசம் செத்துக் கிடக்க ஏலாமல் போச்சே உங்களுக்கு."