ரெஜினாவின் மைனஸ் ஒன்று

1. கடன் வாங்காதவர்

ஒரு தனியார் வங்கியின் அம்பத்தூர் கிளையில் பதினொரு வருடம் லோன் ஆபீசராக இருந்தேன். எத்தனையோ ஃபைல் பார்த்திருக்கிறேன். அவற்றில் நான் தப்பு செய்த ஃபைல் ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். இப்போது வேலைக்குச் சேருகிறவர்களுக்குப் பயன்படும்.

ரெஜினா அயனம்பாக்கத்தில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். நாற்பது வயதிருக்கும். வேன் அவருடையது இல்லை. அதன் ஓனர் மகளோடு கோயம்புத்தூரில் தங்கப் போவதாகச் சொல்லி, மே மாதக் கடைசிக்குள் வண்டியை விற்க நினைத்தார். விலை மூன்றரை லட்சம். "நீ எடுத்துக்கிறதா இருந்தா உனக்குத்தான் முதல்ல" என்றும் சொல்லியிருந்தார். ரெஜினாவிடம் சேமிப்பு ஒரு லட்சம் இருந்தது. மீதிக்குத்தான் எங்களிடம் வந்தார்.

பான் நம்பரைப் போட்டதும் ஸ்கோர் இருக்க வேண்டிய இடத்தில் மைனஸ் ஒன்று என்று வந்தது. எங்கள் பாலிசிப்படி ரிஜெக்ட்.

"இன்னா மேடம், மைனஸ்னு வந்துகீது? நான் யாருக்கும் ஒத்த ரூபா பாக்கி வெச்சதில்ல. பேங்குல கைய நீட்டுறதே இதான் ஃபர்ஸ்ட்டு."

"அதுதாம்மா பிரச்சினை. நீங்க லோன் எதுவும் வாங்கினதே இல்ல. உங்களைப் பத்தி ரெக்கார்டு இல்ல."

"கடன் வாங்காதது ஒரு குத்தமா?"

அதற்கு நான் நிதானமாகப் பதில் சொல்லியிருக்க வேண்டும். அன்று வரிசையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். "வேற எங்கயாவது போட்டுப் பாருங்கம்மா, ஒருத்தர் இல்லன்னா இன்னொருத்தர் குடுப்பாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பல வாடிக்கையாளர்களிடம் பல முறை சொன்ன வாக்கியம்தான் அது.

2. எட்டு என்கொயரி

ஜூலையில் ரெஜினா திரும்பி வந்தார். கையில் ப்ரவுசிங் சென்டரில் எடுத்த கிரெடிட் ரிப்போர்ட். அதை என் மேஜையில் வைத்தார்.

"நீங்கதானே வேற எடத்துல போடச் சொன்னீங்கோ? போட்டேன். ரெண்டு பேங்கு, ஒரு ஃபைனான்ஸ், மிச்சமெல்லாம் ஃபோன்ல வர்ற ஆப்பு. எல்லாரும் இல்லன்னுட்டாங்கோ. கடைசியா போன எடத்துல ஒருத்தன் இன்னா சொன்னான் தெரியுமா? 'இவ்ளோ எடத்துல கேட்டுக்கினு வந்துகீறீங்க, அவ்ளோ அவசரமா, இன்னா சிக்கல்'ன்றான். அசிங்கமா போச்சு மேடம்."

ரிப்போர்ட்டைப் புரட்டினேன். மூன்று வாரத்தில் எட்டு என்கொயரி. முதலில் இருந்தது எங்கள் வங்கியின் பெயர். நாம் ஒவ்வொரு இடத்தில் விண்ணப்பிக்கும்போதும் அந்த நிறுவனம் நம் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்க்கும். எடுத்ததும் அதில் பதிவாகிவிடும். கொஞ்ச நாளில் நிறையப் பதிவு இருந்தால், அடுத்துப் பார்க்கிறவர் இந்த ஆளுக்கு ஏதோ நெருக்கடி என்று நினைப்பார். நம் ரிப்போர்ட்டை நாமே எடுத்துப் பார்ப்பதால் மட்டும் எந்தக் குறையும் வராது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் அவரைச் சுற்றி வர அனுப்பியிருந்தேன்.

"வேன் என்னாச்சு?"

"பூந்தமல்லி ஆளு ஒருத்தர் எடுத்துக்கினாரு. நான் இப்போ ஒரு கம்பெனி ஸ்டாஃப் வண்டி ஓட்டிக்கினுகீறேன். பாதி சம்பளம். பசங்களோட அம்மாங்க இன்னும் ஃபோன் பண்ணிக்கினுதான் கீறாங்க, எப்போ வருவன்னு."

அவர் குரலை உயர்த்தவில்லை. அது எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். "நம்ம தப்பு என்னம்மா இருக்கு இதுல? பாலிசி அப்படி" என்றார். பாலிசி ரிஜெக்ட் செய்யத்தான் சொன்னது. மற்றதைச் சொன்னது நான்.

திரும்பி வந்து ரெஜினாவிடம், "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா. மன்னிச்சிடுங்க" என்றேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சரி வுடுங்கோ. இப்போ இன்னா பண்ணணும், அத்த சொல்லுங்கோ."

3. டீசலுக்கு மட்டும் ஒரு கார்டு

அவர் சேமிப்பில் இருபத்தைந்தாயிரத்தை ஃபிக்ஸட் டெபாசிட்டில் போட்டு, அதன்மேல் ஒரு கிரெடிட் கார்டு கொடுத்தோம். டெபாசிட் ஈடாக இருப்பதால் இதற்கு ஸ்கோர் தேவையில்லை. லிமிட் இருபதாயிரம். இதை வைத்துப் பொருள் வாங்குவது நோக்கமில்லை, ரெக்கார்டு உண்டாக்குவதுதான் நோக்கம் என்று விளக்கினேன். லிமிட்டில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் செலவு, கெடு தேதிக்கு முன்னால் முழுப் பணம், வேறு எங்கும் விண்ணப்பம் கூடாது. ஸ்டாஃப் வண்டிக்கு டீசல் அவர் போட்டுவிட்டு, அந்தப் பணத்தைக் கம்பெனியில் வாங்கிக்கொள்வது வழக்கம். ஆகவே டீசலுக்கு மட்டும் கார்டு என்று முடிவானது.

மூன்றாவது மாதம் தடுமாற்றம். பில் ஐயாயிரத்து நானூறு. அவர் கட்டியது இருநூற்று எழுபது.

"மெசேஜில மினிமம் டியூ இருநூத்தி எழுபதுன்னு போட்டுகீது. அவ்ளோதான் கேக்குறான்னு கட்டிட்டேன். மிச்சத்துக்கு வட்டி போட்டுகீறானே மேடம்!"

மினிமம் கட்டினால் தவணை தவறியதாகப் பதிவாகாது, ஆனால் மீதிக்கு வட்டி ஓடும். மாதத்துக்கு மூன்று சதவீதத்துக்கு மேல். புதிதாக எதை வாங்கினாலும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறும். 'முழுப் பணம்' என்று சொன்ன நான், பில்லில் இரண்டு தொகை வரும் என்பதைச் சொல்லாமல் விட்டிருந்தேன். அன்றே மீதியைக் கட்டவைத்து, கணக்கிலிருந்து முழுத்தொகையும் தானாகப் போகும்படி மாற்றினோம்.

பிப்ரவரியில் ஸ்கோர் வந்தது. எழுநூற்று நாற்பத்தொன்று. ஃபோனில் சொன்னதும் ரெஜினா, "இது பாஸா, ஃபெயிலா?" என்றார்.

பாஸ்தான். ஆனால் ஸ்கோர் கதவைத் திறக்கும், உள்ளே வருமானத்தையும் காட்ட வேண்டும். அதற்கு அவர், ஸ்கூல் வேன் ஓட்டிய கடைசி இரண்டு வருடத்தில் பெற்றோர்கள் ஃபோனில் அவர் கணக்குக்கு அனுப்பிய வேன் ஃபீஸ் முழுவதையும் ஸ்டேட்மென்ட்டில் மஞ்சள் மார்க்கரால் கோடிட்டுக் கொண்டு வந்தார். இந்த முறை ஃபைலை நானே மேனேஜரிடம் எடுத்துப் போய்ப் பேசினேன். திருநின்றவூரில் கிடைத்த ஒரு பழைய வேனுக்கு இரண்டரை லட்சம் சாங்ஷன் ஆனது. பள்ளி திறந்த அன்று பதினான்கு பிள்ளைகள் அதில் ஏறினார்கள்.

வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல் முறை வருகிறவரை மறுக்கக் கூடாது என்று இப்போது வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். நல்லது. ஆனாலும் கவுன்டரில் இருப்பவர் என்ன சொல்லி அனுப்புகிறார் என்பதை எந்தச் சுற்றறிக்கையும் பார்க்க முடியாது.

4. டார்கெட்

என் சர்வீஸின் கடைசி மார்ச். பர்சனல் லோன் டார்கெட்டில் இரண்டு ஃபைல் குறைந்தது. சிஸ்டம் கொடுத்த பட்டியலில் ரெஜினா இருந்தார். ஒரு தவணைகூடத் தவறவில்லை. நான்கு லட்சம் உடனே தரலாம் என்றது. ஃபோன் செய்தேன்.

"எதுக்குக்கா நாலு லட்சம்?"

"எதுக்கு வேணும்னாலும். உங்களுக்கு எலிஜிபிலிட்டி வந்துருக்கு."

"வந்தா வாங்கியே ஆகணுமா?"

"அப்படி இல்ல."

"எனக்கு இப்போ தேவ இல்லியேக்கா. வேன் நல்லா ஓடிக்கினுகீது. தேவப்பட்டா நானே வர்றேன், நீங்க இன்னாத்துக்கு கஷ்டப்படுறீங்கோ?"

ஃபோனை வைத்துவிட்டு, படிவத்தில் 'விருப்பமில்லை' என்று குறித்தேன். பட்டியலில் வேறு ஒருவர் வாங்கிக்கொண்டார். அந்த மாத டார்கெட் ஒரு ஃபைலில் தவறியது. கடனுக்குத் தகுதி பெறுவது எப்படி என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். தகுதி வந்த பிறகும் வேண்டாம் என்று சொல்லலாம் என்பதை ஒருவருக்கும் சொன்னதில்லை. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு ஃபைல் குறைந்ததற்காக என்னை யாரும் வேலையை விட்டு அனுப்பிவிடவில்லை.