டோக்கன் வரிசை காணாமல் போன காலை

சம்பா அறுவடை நேரத்தில் செஞ்சியில் வானம் கறுத்தால் எல்லோரும் நெல்லைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். நான் வேலை பார்க்கும் அரிசி மில் வாசலில் அன்று காலை பத்துப் பதினைந்து டிராக்டர்கள் நெல்லோடு நின்றன. கொட்டகைக்குள் அத்தனைக்கும் இடம் கிடையாது. முதலில் எடை போட்டவர் நெல் நனையாது. கடைசி ஆள் மேகத்தைக் கும்பிட வேண்டியதுதான்.

யார் முதல் என்ற வரிசையை முந்தின நாளே பதிந்திருந்தேன். கம்ப்யூட்டரில். கம்ப்யூட்டரில் மட்டும். "இனிமே நோட்டு எதுக்கும்மா?" என்று ஓனரம்மாவிடம் மார்தட்டிய மகான் நான்தான்.

பழைய கம்ப்யூட்டர் புகைந்து செத்துவிட்டதால், ஓனரம்மாவின் விண்டோஸ் கம்ப்யூட்டருக்குள்ளேயே லினக்ஸ் என்ற இன்னொரு சிஸ்டத்தைக் குடிவைத்திருந்தேன். பெயர்களைச் சேமித்துவைக்கும் டேட்டாபேஸை அதில் ஏற்றினேன்; ஏற்றியதுமே அது தானாக ஓடியது. வரிசையைக் காட்டும் பக்கத்தையும் ஓடவிட்டேன். மேதாவி மாதிரி வீட்டுக்குப் போனேன். எங்கள் மில்லிலோ, சாயங்காலம் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் கதவைப் பூட்டுவார்கள்.

காலையில் திரையில் ஒன்றுமில்லை. வெறும் வெள்ளை.

ரீஸ்டார்ட் செய்தேன். வெள்ளை. மறுபடி செய்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அது, மூன்று வேளையும் கொடுத்தேன். பிறகு ஒயர் பார்க்கிற சாக்கில் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஒயர் நன்றாகத்தான் இருந்தது. நான்தான் நன்றாக இல்லை.

நெல்லுக்கு ஈரப்பதம் பார்க்கிற பெண் குனிந்து எட்டிப் பார்த்தாள். "இன்னாண்ணா, பட்டியல் அங்கதான் உழுந்து கெடக்குதா?"

அதற்குள் வெளியே நாலு பேர் ஆளுக்கொரு பக்கம் 'நான்தான் ஒண்ணாம் நம்பர்' என்று கிளம்பிவிட்டார்கள். மேல்சித்தாமூரிலிருந்து வந்திருந்த அம்மா மட்டும் கத்தவில்லை. நேராக என் ஜன்னலுக்கு வந்தார்.

"நேத்து மொதல்ல வந்தது நான்தானே தம்பி? கம்ப்யூட்டரே சொல்லும்னு சொன்னியே. இன்னா சொல்லுது?"

அவர்தான் முதலில் வந்தார், எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. வாயால் சொன்னேன். உடனே ஒருவர், "அந்தம்மா உனக்கு இன்னா சித்தியா?" என்றார். சரிதான், என் வாய்க்கு அந்த மரியாதைதான் கிடைக்கும். பட்டியலைக் காட்டினால்தான் அந்த அம்மாவின் நெல் கூரைக்குள் போகும். இதை இன்றைக்கு விடுவதில்லை என்று நாற்காலியில் ஏறி உட்கார்ந்தேன்.

காலையிலிருந்து, அந்த வெள்ளைப் பக்கத்துக்குப் பின்னால், கட்டளை அடிக்கிற கறுப்புத் திரை ஒரே வரியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நான்தான் படிக்கவில்லை; பயந்தவன் எங்கே படிப்பான்? இப்போது படித்தேன். 'இங்கே சிஸ்டம்டி இல்லை.' லினக்ஸ் எழுந்ததும் பின்னால் ஓடவேண்டிய வேலைகளை ஒவ்வொன்றாகத் தட்டி எழுப்பும் மேனேஜர் அது. நான் குடிவைத்த லினக்ஸில் அந்த மேனேஜரே கிடையாது. அத்தனை பேரும் சௌக்கியமாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான் வீட்டை மட்டும் மூன்று தரம் இடித்துக் கட்டியிருக்கிறேன்!

மேனேஜர் இல்லையென்றால் நானே மேனேஜர். வீரமாக வரிசைப் பக்கத்தை எழுப்பினேன். 'டேட்டாபேஸ் எங்கே?' என்று கேட்டுவிட்டு அது திரும்பப் படுத்துக்கொண்டது.

"நெல்ல மேல தூக்குற எலிவேட்டர ஓடவிடாம யாராச்சும் நெல்லக் கொட்டுவாங்களாண்ணா?" என்றாள் ஈரப்பதம்.

"தெரியும், தெரியும். சும்மா சோதிச்சேன்."

"சோதிச்சது போதும், தூறுது."

முதலில் டேட்டாபேஸ். 'சர்வீஸ்' என்ற பழைய கட்டளையைப் போட்டு, அதன் பெயரைச் சொல்லி, 'ஸ்டார்ட்' என்றேன். அவசரத்தில் பெயரை இரண்டு தரம் தப்பாக அடித்தேன். மூன்றாம் தரம் எழுந்தது. எழுந்ததா என்று 'ஸ்டேட்டஸ்' கேட்டு உறுதி செய்துகொண்டேன். என்னை நம்பின காலம் அத்தோடு முடிந்தது. அப்புறம் பக்கத்தை, கறுப்புத் திரையை மூடினாலும் சாகாதபடி பின்னால் ஓடச்சொல்லி எழுப்பினேன்.

பட்டியல் வந்தது. ஜன்னல் பக்கம் திரையைத் திருப்பி வைத்தேன். ஒன்றாம் எண்ணில் அந்த அம்மா பேர். நாலு ஒண்ணாம் நம்பர்களும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். அதில் ஒருவர் பதினொன்று.

அந்த அம்மாவின் டிராக்டர் கொட்டகைக்குள் பின்பக்கமாக ஏறியது. கடைசி மூட்டை இறங்கும்போது தகரக் கூரையில் மழை சடசடவென்று அடித்தது. அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"நாளைக்கு எங்க தங்கச்சி நெல்லு வருது தம்பி. அதுக்கும் இது எழுந்திருக்குமா?"

"நான் வந்து எழுப்புறேம்மா," என்றேன்.